கார்ப்பரேஷனை டேக் பண்ணியாச்சு... புகார் பதிவாச்சா? சமூக வலைதளமும் உள்ளாட்சியும் - முழு விளக்கம்

இரவு 9 மணி. தெருவில் மூன்று நாளாக விளக்கு எரியவில்லை. ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார். எக்ஸ் தளத்தில் மாநகராட்சியை டேக் செய்து, "எப்போ சரி பண்ணுவீங்க?" என்று போடுகிறார். பத்து நிமிடத்தில் 40 லைக். மறுநாள் காலை, "சம்பந்தப்பட்ட அதிகாரிக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பதில் வருகிறது. அவரும் திருப்தியாகி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. 1913-க்கு போன் செய்து கேட்டால், "புகார் எண் சொல்லுங்க" என்கிறார்கள். அவரிடம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. எண் இல்லை.

சமூக வலைதளத்தில் உள்ளாட்சி அமைப்புகளோடு பேசும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பதில் வந்தது என்பதும், புகார் பதிவானது என்பதும் ஒன்றல்ல. அப்படியென்றால் டேக் செய்வதால் பயனே இல்லையா? எப்போது பயன்? எப்போது ஏமாற்றம்? மழை வெள்ள நேரத்தில் எதை நம்பலாம்? எல்லாவற்றையும் பார்ப்போம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

* சமூக வலைதளப் பதிவு ஒரு கவன ஈர்ப்பு. புகார் எண் கிடைத்தால்தான் அது பதிவான புகார்.
* எந்த வேலைக்கு எந்தத் துறை பொறுப்பு என்று தெரியாமல் டேக் செய்தால் நாட்கள்தான் வீணாகும்.
* பேரிடர் நேரத்தில் சமூக வலைதளம் உதவும். ஆனால் கரண்டும் சிக்னலும் போனால் அதுவும் போய்விடும்.
* வாட்ஸ்அப் குரூப்பில் பேசுவது கிராம சபையிலோ பகுதி சபையிலோ பேசுவதற்குச் சமம் ஆகாது.

எதற்கு யார் பொறுப்பு?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1688-ல் தொடங்கப்பட்ட மாநகராட்சி இது. 2011-ல் எல்லை விரிவாக்கப்பட்டபோது 155 வார்டுகள் 200 ஆயின. பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. இவ்வளவு பெரிய ஊரில் தெருவில் நடக்கும் எல்லாமே மாநகராட்சி வேலைதான் என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படி இல்லை.

* குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, கொசு ஒழிப்பு: மாநகராட்சி. உதவி எண் 1913.
* குடிநீர், கழிவுநீர்: சென்னைக் குடிநீர் வாரியம். எண் 044-4567 4567.
* மின்தடை, மின்கம்பி அறுந்து விழுந்தது, மின்பெட்டி திறந்து கிடப்பது: மின்வாரியம். 2021-ல் தொடங்கப்பட்ட மின்னகத்தின் எண் 94987 94987.
* சில பெரிய சாலைகள்: மாநில நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.
* சிக்னல், போக்குவரத்து நெரிசல்: போக்குவரத்து போலீஸ்.

தெருவில் தேங்கி நிற்பது மழைத்தண்ணீர் என்றால் மாநகராட்சி. அதே இடத்தில் பொங்கி வருவது சாக்கடைத் தண்ணீர் என்றால் குடிநீர் வாரியம். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஆனால் புகார் போக வேண்டிய மேஜை வேறு. படத்தோடு "சாக்கடை மூடியிலிருந்து வருது, நாற்றம் அடிக்குது" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் குழப்பம் அங்கேயே தீரும்.

இன்னொரு குழப்பம் எல்லை. பேச்சில் எல்லாமே "சென்னை"தான். ஆனால் பல்லாவரம், குரோம்பேட்டை ஆகியவை தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. ஆவடிக்குத் தனி மாநகராட்சி உண்டு. அடுக்குமாடிகள் நிறைந்த மேடவாக்கம் ஊராட்சிப் பகுதி. அங்கிருப்பவர் சென்னை மாநகராட்சியை டேக் செய்தால், "இது எங்கள் எல்லையில் இல்லை" என்ற பதில்தான் வரும். சொத்து வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் உள்ளாட்சி. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

டேக் செய்த பதிவு எங்கே போகிறது?

உள்ளாட்சி அலுவலகத்துக்குள் புகார் நகரும் பாதை ஒன்று இருக்கிறது. 1913-க்கு போன் வந்தாலும், 'நம்ம சென்னை' ஆப் மூலம் வந்தாலும், இணையதளத்தில் வந்தாலும் அதற்கு ஓர் எண் கொடுக்கப்படும். துறை, மண்டலம், வார்டு எனப் பிரிக்கப்படும். அந்த வார்டைப் பார்க்கும் பொறியாளருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ போகும். வேலை முடிந்ததா, நிலுவையில் இருக்கிறதா என்பது அந்த எண்ணின் கீழ் பதிவாகும்.

2025-ல் சென்னை மாநகராட்சி வாட்ஸ்அப் வழியிலும் சேவைகளைத் தொடங்கியது. 94450 61913 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினால் மெனு வரும். அதில் தேவையானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எக்ஸிலோ ஃபேஸ்புக்கிலோ போடும் பதிவு இந்தப் பாதையில் தானாக ஏறிவிடாது. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். புகார் அமைப்பில் அவரே பதிய வேண்டும். "எங்க தெருவில் குப்பை" என்று மட்டும் போட்டால் எந்தத் தெரு, எந்த வார்டு? அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லும் வரை அது அப்படியே நிற்கும். மழைக்காலத்தில் ஒரே நாளில் டேக்குகள் குவியும்போது முகவரி இல்லாத பதிவுகள்தான் முதலில் அடியில் போகும்.

அதனால் பதில் வந்ததும் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பதிலில் புகார் எண் இருக்கிறதா? இல்லை என்றால், "புகார் எண் கொடுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை. அதற்கும் பதில் இல்லையென்றால் 1913 அல்லது ஆப் மூலம் நீங்களே பதிந்துவிட்டு, அந்த எண்ணை அதே பதிவின் கீழ் போடலாம். இப்போது உங்கள் பதிவுக்கு ஒரு பிடிமானம் வந்துவிட்டது.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மேல்முறையீட்டுக்கு அதுதான் அடிப்படை. முதல்வரின் உதவி மையம் 1100-ல் புகார் சொல்லும்போது, "மாநகராட்சியில் இந்தத் தேதியில், இந்த எண்ணில் பதிந்தேன், நடவடிக்கை இல்லை" என்று சொன்னால் கதை அங்கிருந்து தொடங்கும். எண் இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழும் அப்படித்தான். "எங்கள் தெருவில் ஏன் விளக்கு எரியவில்லை?" என்பது அந்தச் சட்டத்தில் பதில் வாங்கக் கஷ்டமான கேள்வி. "இந்த எண் கொண்ட புகாரின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தேவை" என்பது ஆவணம் கேட்கும் மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். எக்ஸில் கேட்கும் கேள்விக்கு இந்த 30 நாள் கெடு எதுவும் கிடையாது.

அப்போ டேக் செய்வது வேஸ்ட்டா?

இல்லை. பொது இடத்தில் கேட்கும் கேள்விக்கு ஒரு பலம் இருக்கிறது. போனில் சொன்ன புகார் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் மட்டும் தெரியும். பொதுவில் போட்ட படத்தை ஊரே பார்க்கும். பக்கத்துத் தெருக்காரர், "இங்கேயும் அப்படித்தான்" என்று சேர்ந்துகொள்வார். கவுன்சிலர் பார்ப்பார், செய்தியாளர் பார்ப்பார். "முடிந்துவிட்டது" என்று புகாரை மூடினால், முடியாத வேலையின் படத்தை அதே இடத்தில் மறுபடி போட முடியும்.

இதை ஓர் ஊர் முழுவதுமாகவே செய்து பார்த்தது. ஸ்பெயினில் கிரனாடா நகரத்துக்குப் பக்கத்தில் ஹூன் என்ற சிற்றூர். மக்கள்தொகை சுமார் 3,500. அதன் மேயராக இருந்த ஹோசே அந்தோனியோ ரோட்ரிகெஸ் சலாஸ், 2011 முதல் ஊர் நிர்வாகத்தையே ட்விட்டருக்குக் கொண்டுபோனார். ஊர்க்காரர்கள் டவுன் ஹாலுக்கு நேரில் வந்து, "இது என் கணக்குதான்" என்று உறுதி செய்துகொண்டார்கள். போலீஸ்காரர், எலக்ட்ரீஷியன், ஏன், தெரு பெருக்குபவருக்கும் ஒரு கணக்கு.

2015-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இந்த ஊரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒரு சம்பவம். இரவு 10.48-க்கு ஒரு பெண், தெருவிளக்கு எரியவில்லை என்று மேயருக்கு ட்வீட் போடுகிறார். 9 நிமிடத்தில் மேயரிடமிருந்து பதில்: நாளை சரியாகும். அந்தப் பதிலிலேயே எலக்ட்ரீஷியனின் கணக்கும் டேக் செய்யப்பட்டிருந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியன், சரி செய்த விளக்கின் படத்தைப் போட்டார்.

அந்த 9 நிமிடத்தைத்தான் பலரும் வியந்து பேசினார்கள். ஆனால் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. கேட்டவர் அந்த ஊர்க்காரர்தான் என்பது உறுதியாகத் தெரியும். வேலை யாருடையது என்பது பதிலிலேயே தெரியும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் படம் வரும். இந்த மூன்றும் இருந்ததால் அங்கே ஒரு ட்வீட்டே பதிவான புகாராக இருந்தது. ஒரு மேயருக்கு ஊர் முழுவதையும் தெரிந்த 3,500 பேர் ஊரில் அது முடியும். 200 வார்டு நகரத்தில் அந்த மூன்று வேலையையும் புகார் எண்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

சத்தம் போடுகிற தெருவுக்குத்தான் விளக்கா?

இதில் கொஞ்சம் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. 500 பேர் ஷேர் செய்த பள்ளம் முதலில் மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாருமே படம் போடாத பள்ளம்?

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ன்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 33.3 சதவீதம் பேர்தான் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆண்களில் இது 57.1 சதவீதம். அதன்பின் செல்போன் இன்னும் பரவியிருக்கிறது. ஆனாலும் ரீல்ஸ் பார்ப்பது வேறு, எக்ஸில் கணக்கு தொடங்கி அதிகாரியை டேக் செய்வது வேறு.

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் அம்மாவுக்குத் தண்ணீர் வராத நேரம் துல்லியமாகத் தெரியும். அதை எங்கே, எப்படிப் போடுவது என்பது தெரியாமல் இருக்கலாம். ஐடி வேலை பார்ப்பவர் அதிகம் இருக்கும் குடியிருப்பிலிருந்து பத்து டேக் வரும். குடிசை மாற்றுக் குடியிருப்பிலிருந்து ஒன்றும் வராமல் போகலாம். டேக்கை மட்டும் பார்த்து வேலை செய்தால், பிரச்சினை குறைவான இடத்துக்கு ஆட்கள் போவார்கள், அதிகமான இடம் காத்திருக்கும்.

எண் போட்டுப் பதியும் முறை இங்கேயும் உதவுகிறது. போனில் சொன்ன புகாருக்கும் ட்வீட்டில் வந்த புகாருக்கும் ஒரே வரிசை. யாருக்கு எத்தனை லைக் என்பது அந்த வரிசையில் தெரியாது. செல்போன் பழக்கம் உள்ள ஒருவர் தன் தெருவில் இருக்கும் நாலு பேருக்காக 1913-ல் பதிந்து கொடுத்தால், அது நூறு லைக்கை விடப் பெரிய உதவி.

மழை, வெள்ளம்: அப்போது என்ன ஆகும்?

2015 டிசம்பர் 1, 2. சென்னை மறக்காத இரண்டு நாட்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அடையாற்றின் இரு கரையிலும் வீடுகள் மூழ்கின. கரையோர மக்களுக்குப் போதிய நேரம் கொடுத்து எச்சரிக்கை வரவில்லை என்பதுதான் அப்போது எழுந்த பெரிய குற்றச்சாட்டு.

அந்த நாட்களில் மக்கள் தாங்களாகவே ஹேஷ்டேக் போட்டு ஒருங்கிணைந்தார்கள். யாருக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது, எந்த வீட்டில் தங்க இடம் உண்டு என்று பட்டியல்கள் ஓடின. தண்ணீர் நிற்கும் தெருக்களைத் தன்னார்வலர்கள் இணைய வரைபடத்தில் குறித்தார்கள். ஃபேஸ்புக் 'நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' வசதியைத் திறந்துவிட்டது.

அதே வேகத்தில் வதந்தியும் ஓடியது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று ஒன்று. பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டியிருந்தது. சென்னைக்கு 250 சென்டிமீட்டர் மழை வரப்போகிறது என்று நாசா சொன்னதாக இன்னொன்று. அதுவும் பொய். பயந்து போயிருக்கும் ஊரில் அதிகாரபூர்வமான குரல் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தால், அந்த இடத்தை வதந்தி நிரப்பிவிடும்.

2020 கொரோனா காலத்தில் சென்னை மாநகராட்சி மண்டல வாரியான பாதிப்பு எண்ணிக்கையைத் தினமும் ட்விட்டரில் போட்டது. தினமும் வரும் என்று தெரிந்ததால் மக்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். இப்போது மழை நாட்களில் எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்பதைப் போக்குவரத்து போலீஸ் பட்டியலாகப் போடுகிறது. வண்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டிய தகவல் அது. உள்ளாட்சிகள் சமூக வலைதளத்தை நன்றாகப் பயன்படுத்தும் விதம் இதுதான்: இடம், நேரம், செய்ய வேண்டியது. வாழ்த்து போஸ்டர் இல்லை.

ஆனால் 2023 டிசம்பர் இன்னொரு பாடத்தைச் சொன்னது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடலோரமாக நகர்ந்தபோது கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீரில் நின்றன. கரண்ட் போனது. பல இடங்களில் செல்போன் சிக்னல் போனது. போன் சார்ஜும் தீர்ந்தது. உதவி எண்களும் முகாம் விவரங்களும் ஆன்லைனில் வந்துகொண்டுதான் இருந்தன. யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களால்தான் பார்க்க முடியவில்லை.

அதனால் பேரிடரில் சமூக வலைதளம் ஒரு வழி மட்டுமே. ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது, வானொலி, வீடு வீடாகச் சொல்வது எல்லாம் பழைய முறைகள்தான். ஆனால் அவற்றுக்கு டேட்டா வேண்டாம். சைரன் மாதிரி சத்தத்தோடு செல்போன் திரையில் வரும் அரசு எச்சரிக்கைக்கும் இன்டர்நெட் வேண்டாம், சிக்னல் இருந்தால் போதும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' ஆப், தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப் இரண்டையும் மழைக்கு முன்பே இறக்கி வைக்கலாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112. இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுவது நல்லது.

உயிருக்கு ஆபத்து என்றால் டேக் செய்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. முதலில் போன். பிறகு பதிவு.

கம்பெனி மனசு மாறினால்?

எக்ஸ், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் தனியார் கம்பெனிகளின் இடம். உள்ளாட்சி அங்கே வாடகைக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் 2023-ல் பார்த்தது. அங்கே சுரங்க ரயிலையும் பஸ்ஸையும் நடத்தும் பொது அமைப்பு எம்டிஏ. ரயில் தாமதம் பற்றிய தகவலை ட்விட்டரில் உடனுக்குடன் போட்டு வந்தது. தானியங்கிப் பதிவுகளுக்கு ட்விட்டர் கட்டணம் கேட்டது. ஏப்ரலில் எம்டிஏ அந்தச் சேவையையே நிறுத்தியது. அரசு அமைப்புகளுக்கு மறுபடி இலவசம் என்று ட்விட்டர் அறிவித்த பிறகு, மே மாதம்தான் திரும்பியது. அதே ஆண்டு ஜூன் கடைசியில் சில நாட்கள், கணக்கு இல்லாதவர்கள் ட்விட்டர் பதிவுகளைப் பார்க்கவே முடியாமல் போனது.

தண்ணீர் வராத நேரம், வரி கட்டும் கடைசித் தேதி, மருத்துவ முகாம் நடக்கும் இடம் ஆகியவை ஒரு கம்பெனியில் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிந்தால் அது பொது அறிவிப்பு ஆகாது. உள்ளாட்சியின் சொந்த இணையதளத்திலும் வார்டு அலுவலகப் பலகையிலும் அது இருக்க வேண்டும். சமூக வலைதளம் அங்கே வழிகாட்டினால் போதும்.

கேள்வி கேட்டால் பிளாக் பண்ணலாமா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹியூரான் என்ற ஊரின் நகர மேலாளர், தன் ஃபேஸ்புக் பக்கத்தில் குடும்பப் படங்களையும் போடுவார், ஊர் நிர்வாகச் செய்திகளையும் போடுவார். கொரோனா கால நடவடிக்கையை விமர்சித்த ஒருவரை அவர் பிளாக் செய்தார். 'லிண்ட்கே எதிர் ஃப்ரீட்' என்ற அந்த வழக்கில் 2024 மார்ச் 15-ல் தீர்ப்பு வந்தது. அரசு சார்பில் பேசும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு உண்மையில் இருக்க வேண்டும், அந்தப் பதிவில் அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது அரசின் செயல், அப்போதுதான் பேச்சுரிமைக் கேள்வி வரும் என்றது நீதிமன்றம்.

அது அமெரிக்கச் சட்டம், இங்கே பொருந்தாது. ஆனால் அதில் உள்ள குழப்பம் நம் ஊரிலும் உண்டு. கவுன்சிலரின் சொந்தப் பக்கத்தில் கல்யாண வாழ்த்தும் இருக்கும், கட்சிக் கூட்டமும் இருக்கும், குடிநீர் அறிவிப்பும் இருக்கும். அவர் பதவிக்காலம் முடிந்தால் பக்கம் அவரோடு போய்விடும். அதிலிருக்கும் புகார்களும் போய்விடும். பதவியின் பெயரில், அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தால் அடுத்து வருபவர் கையில் அது அப்படியே போகும்.

மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2012-லேயே அரசு அமைப்புகள் சமூக வலைதளத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. கணக்கு யார் பொறுப்பில், யார் பதில் சொல்வது, பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

போலிக் கணக்கும் போன் நம்பரும்

புகார் பதிவுகளைக் கண்காணித்துக்கொண்டே சில மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். "சார், உங்க புகாரை நாங்க பார்க்கிறோம். இந்த நம்பருக்கு கூப்பிடுங்க" என்று பதில் போடுவார்கள். கூப்பிட்டால் லிங்க் அனுப்புவார்கள், ஆப் இறக்கச் சொல்வார்கள், 10 ரூபாய் கட்டச் சொல்வார்கள். கணக்கில் இருக்கும் பணம் போய்விடும்.

* எக்ஸில் அரசு அமைப்புகளுக்கு சாம்பல் நிற டிக் தரப்படுகிறது. நீல டிக்கைப் பணம் கட்டி யாரும் வாங்கலாம்.
* உள்ளாட்சியின் இணையதளத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் லிங்க் வழியாக சமூக வலைதளக் கணக்குக்குப் போவதுதான் பாதுகாப்பு.
* போன் நம்பர், வீட்டு எண், ஆதார், வரி ரசீது ஆகியவற்றைப் பொதுவில் போடக் கூடாது. கேட்டால் தனி மெசேஜில் மட்டும்.
* தெருவிளக்கு சரி செய்ய ஓடிபி தேவையே இல்லை. யார் கேட்டாலும் மோசடிதான்.
* பணம் போய்விட்டால் உடனே 1930.

படம் எடுக்கும்போதும் கவனம் தேவை. குப்பைத் தொட்டியைப் படம் எடுக்கும் வேகத்தில் தூய்மைப் பணியாளரின் முகத்தையும் சேர்த்துப் போட்டு, "வேலை செய்யாமல் நிற்கிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். வண்டி வராதது அவர் தப்பாக இருக்காது. பிரச்சினையைப் படம் எடுங்கள், ஆளை வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கே, கூட்டம் எதற்கு?

இப்போது பல வார்டுகளிலும் ஊராட்சிகளிலும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. "இன்னைக்கு தண்ணி 6 மணிக்கு" என்று போட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் குரூப்பில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது அட்மின் கையில். காலையில் கேட்ட கேள்வி மதியத்துக்குள் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும்.

கிராம சபை அப்படி இல்லை. தமிழ்நாட்டில் குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை நடக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரையும் அங்கிருந்து 'ரிமூவ்' செய்ய முடியாது. பேசியது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறும். நகரங்களில் அதே நோக்கத்துக்காக வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் கொண்டுவரப்பட்டன. 2022 நவம்பர் 1-ல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன.

பஞ்சாயத்துக்குப் பதிவேட்டில் ஏறும் தீர்மானம் எப்படியோ, புகாருக்கு அந்த எண் அப்படி. குரூப்பில் கூட்டத் தேதியைச் சொல்லுங்கள், கூட்டத்தில் பேசுங்கள்.

புகார் போடும்போது இதைச் செய்யுங்கள்

1. முதலில் பொறுப்பான துறையிலோ 1913 போன்ற உதவி எண்ணிலோ ஆப்பிலோ பதிந்து, எண்ணை வாங்குங்கள்.
2. பகலில் ஒரு படம், தூரத்திலிருந்து ஒரு படம். பக்கத்தில் இருக்கும் கடை, கோயில், பள்ளி ஏதாவது ஓர் அடையாளம் தெரியட்டும்.
3. தெருப் பெயர், பகுதி, வார்டு எண். விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதுவும்.
4. எத்தனை நாளாக என்று தேதியோடு எழுதுங்கள்.
5. இவற்றோடு புகார் எண்ணையும் சேர்த்து சமூக வலைதளத்தில் போட்டு, சரியான துறையை மட்டும் டேக் செய்யுங்கள். பத்து பேரை டேக் செய்தால், யாரோ பார்ப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.
6. வேலை முடியாமல் புகாரை மூடிவிட்டால், புதுப் படத்தோடு மறுபடி பதியுங்கள். பழைய எண்ணையும் குறிப்பிடுங்கள். அடுத்து 1100. அதன்பின் தகவல் உரிமை மனு.
7. சரியாகிவிட்டால் அதையும் போடுங்கள். அந்தத் தெருவில் அதே பிரச்சினையில் இருக்கும் இன்னொருவருக்கு எந்த வழி வேலை செய்தது என்று தெரியும்.

முதலில் பார்த்த தெருவிளக்குக்கு வருவோம். 1913-ல் சொல்லி எண் வாங்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். 40 லைக் வாங்கிய பதிவின் கீழ் அந்த எண்ணையும் போட்டிருந்தால், ஒரு வாரம் கழித்து, "புகார் எண் சொல்லுங்க" என்று கேட்டபோது அவர் கையில் பதில் இருந்திருக்கும்.